கோசைன் பக்கம்

ஒருவரும் சரிபார்க்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த வேலையை ஒரு மனுசி ஏன் இவ்வளவு சரியாகச் செய்ய வேண்டும்?

சண்டிலிப்பாய் தியாகலிங்கம் இந்தக் கேள்வியோடுதான் பத்து வருடம் குடும்பம் நடத்தினார். அவருடைய மனைவி இராசமலர் படவரைஞர். அரசாங்கக் கந்தோரில் றோட்டுக்கும் மதகுக்கும் படம் கீறுவது உத்தியோகம். வீட்டில் அவள் கீறியவை வேறு. அவற்றுக்கு றோட்டும் இல்லை, மதகும் இல்லை. ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வாள். அது சொல்லுகிற புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணித்துக் கடுதாசியில் குத்துவாள். பிறகு அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பாள். இரண்டு மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் கடுதாசியில் ஏதோ ஒன்று மலர்ந்து கிடக்கும். பூ என்று சொல்ல முடியாது, ஆனால் பூ மாதிரி. சங்கு என்று சொல்ல முடியாது, ஆனால் சங்கு மாதிரி.

எண்பத்தாறாம் ஆண்டு அப்படி ஒன்றை முடித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலை கத்தரிக்கோலை எடுத்து நாலாக வெட்டிக் கணவனிடம் கொடுத்தாள்.

"குசினித் தட்டுக்கு விரியுங்கோ."

"என்ன இராசம் இது? என்ன பிழை?"

"இந்தக் கோடு தடிச்சுப் போச்சு."

தியாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்று தேடினார். அவருடைய கண்ணுக்கு எல்லாக் கோடும் ஒன்றாகத்தான் இருந்தன.

"உதை ஆர் பாக்கப் போகினம்?"

"ஒருத்தரும் பாக்காயினம்."

"அப்ப?"

அவள் பென்சில் சீவத் தொடங்கினாள்.

அவர்களுடைய கலியாணமே ஊருக்கு ஒரு பகிடி. மற்ற வீடுகளில் புருசன் கொழும்பில் உத்தியோகம், பெண்சாதி ஊரில். இங்கே தியாகலிங்கம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர், இராசமலர் கொழும்பில். மாதம் ஒருமுறை மெயில் றெயிலில் வந்து இறங்குவாள். "தியாகலிங்கத்தார் வாழாவெட்டியாய் இருக்கிறார்" என்று சங்கக்கடைப் படியிலே வைத்தே சொல்லுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு சீனி நிறுப்பார். பிள்ளை இல்லை. அதைப் பற்றிய பேச்சு ஊரில் நெடுநாள் நடந்து, ஒரு கட்டத்தில் தானாக ஓய்ந்தது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவள் கப்பலில் வந்தாள். காங்கேசன்துறையில் சனம் ஒவ்வொருவராக இறங்கியபோது எல்லாருடைய கையிலும் ஏதோ ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. இராசமலரின் கையில் ஒரு மரப்பெட்டியும் அவளுடைய தோளுயரத்துக்கு ஒரு நீண்ட சுருளும்.

"உடுப்பெங்கை?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"இல்லை."

"அப்ப உதென்ன?"

"கடுதாசி."

கந்தோரில் அவளோடு வேலை செய்த சிங்களப் பெண் ஒருத்தி அகதி முகாமுக்கு வந்து, அவளுடைய வரைகருவிப் பெட்டியையும் தடித்த வரைதாள் சுருள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இராசமலர் கப்பலில் மூன்று நாள் அந்தச் சுருளை நனைய விடாமல் மடியில் வைத்திருந்தாளாம். அதைச் சொன்னவளும் கப்பலில் வந்த வேறொருத்தி. இராசமலர் அந்த நாட்களைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலேயே ஒரு கந்தோரில் இடம் கிடைத்தது. அங்கே றோட்டு வளைவுகள் கீறும்போதுதான் இது தொடங்கியது. நேரான றோட்டு ஒரேயடியாகத் திரும்பினால் வண்டி பிரளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வளைவு கூடுகிற ஒரு கோட்டில் திருப்புவார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு சமன்பாடு உண்டு. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் இராசமலர் சொன்னாள்: "றோட்டுக்கு அந்தக் கோட்டிலை ஒரு துண்டு போதும். அங்காலை அது எங்கை போகுதெண்டு எங்கடை கந்தோரிலை ஒருத்தரும் கீறிப் பாக்கேல்லை."

"எங்கை போகும்?"

"பாப்பம்."

இரண்டு கிழமையில் அது எங்கே போகிறது என்று மேசையிலே கிடந்தது. சுருண்டு சுருண்டு, முடிவே இல்லாமல், ஒரு புள்ளியை நோக்கி நெருங்கி, அந்தப் புள்ளியை ஒருக்காலும் தொடாமல். தியாகலிங்கம் வெகுநேரம் பார்த்தார். அழகென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அழகு யாருடையது என்று தெரியவில்லை. அவள் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. சமன்பாடு சொன்னதைக் கீறினாள். அது ஏற்கனவே எங்கேயோ இருந்தது. அப்படியென்றால் இந்தப் படத்தில் இராசமலருடையது எது? பிழையில்லாமல் இருப்பது ஒன்றுதான் போலும் என்று அவருக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவள் படங்களை வெட்டியபோது அவ்வளவாக வருந்தவில்லை.

பக்கத்து வளவு மீனாம்பிகை ஒருநாள் கறிவேப்பிலைக்கு வந்தவள், மேசையிலே ஒரு படத்தைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அக்கா, உது என்ன சக்கரம்? ஆருக்கு எழுதிறியள்?"

"சக்கரம் இல்லை மீனா. இது வெறும் கணக்கு."

"எனக்குச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லன். எங்கடை வாசலுக்கும் ஒண்டு வேணும், இந்தக் குண்டு போடுற பொம்மருக்கு."

"பொம்மருக்கு நான் என்னத்தைச் செய்ய?"

"நீங்கள் எழுதித் தாங்கோ. மிச்சத்தை அம்மாளாச்சி பாப்பா."

வெட்டப் போட்ட படம் ஒன்றை இராசமலர் கொடுத்தாள். மீனாம்பிகை அதற்குச் சந்தனம் சாத்தி வாசல் நிலையில் ஒட்டினாள். "பிழையான படம் எண்டு அவவுக்குச் சொன்னனீரோ?" என்று தியாகலிங்கம் கேட்டார். "அவவின்ரை வேலைக்கு அது காணும்" என்றாள் இராசமலர். அவள் பகிடி விட்டது அந்த வருடத்தில் அந்த ஒருமுறைதான்.

தொண்ணூறுக்குப் பிறகு கரன்ற் இல்லை. கந்தோரில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேலை இல்லை. புது றோட்டு யார் போடுகிறார்கள்? சங்கக்கடையிலும் தட்டுகள் காலியாகி, தியாகலிங்கம் ஓய்வு பெற்றார். இராசமலருக்கு நேரம் கிடைத்தது. ஆனால் கண் மங்கிவிட்டது. கோடு இழுக்கக் கண் போதும். அட்டவணையின் பொடி எண்களை வாசிக்கத்தான் போதவில்லை. சைன் அட்டவணை ஒரேயொரு பக்கம், கொழும்பிலிருந்து வந்த பெட்டியின் அடியில் கிடந்தது. அதை மட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு காலைப்பொழுது அந்த மட்டையைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்து, தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வாசியுங்கோ" என்று கூப்பிட்டாள்.

அப்படித்தான் மேசையின் மறுபக்கத்தில் தியாகலிங்கத்துக்கு ஒரு கதிரை கிடைத்தது.

இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அவர்கள் ஒரு மேசையில் இருந்து ஒரு வேலையைச் செய்தது அப்போதுதான். காலை ஒன்பது மணிக்கு வடக்கு யன்னல் வெளிச்சம் சமமாக வரும். பதினொன்றரை வரை நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் அவள் கீறமாட்டாள். அவர் எண்ணை வாசிப்பார்: "தசம் ஏழு பூச்சியம் ஏழு ஒண்டு." அவள் திருப்பிச் சொல்லுவாள். சரியென்று அவர் தலையாட்டினால் புள்ளி குத்துவாள். பொம்மர் சத்தம் கேட்டால் பேனாவை மூடிவிட்டு இரண்டு பேரும், பக்கத்து வளவுக்கும் பொதுவாக வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்குவார்கள். இறங்கும்போது, விட்ட எண்ணை மறக்காமலிருக்க அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்குவார். ஒருமுறை அதைக் கேட்ட மீனாம்பிகையின் புருசன், "தியாகலிங்கத்தார் மந்திரம் சொல்லுறார், நாங்களும் சொல்லுவம்" என்று தானும் "முந்நூற்றுப் பத்து, முந்நூற்றுப் பத்து" என்று சொன்னான். பங்கருக்குள்ளே சிரிப்பு வந்தது.

பிறகு தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது அவர்களும் நடந்தார்கள். கொடிகாமத்தில் ஒரு உறவுக்காரர் வெங்காயம் காயப்போடுகிற கொட்டிலான மாலில் பாயை விரித்துக்கொண்டு கிடந்த நாட்களில், வீட்டையோ கிணற்றையோ தியாகலிங்கம் அவ்வளவு நினைக்கவில்லை. அவர் நினைத்தது அந்த ஒன்பது மணி வெளிச்சத்தையும், தான் சொன்ன எண்ணை அவள் திருப்பிச் சொல்லுகிற குரலையும். புருசன் பெண்சாதி கதைக்கிற கதை என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாழ்க்கையில் அவளோடு அவர் அதிகம் கதைத்தது அந்த எண்களைத்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன், தொண்ணூற்றுமூன்றில், வட்டுக்கோட்டையிலிருந்து ஜெபரட்ணம் மாஸ்ரர் சைக்கிளில் வந்தார். அங்கே ஒரு பாடசாலையில் மேல்வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவர். மீனாம்பிகையின் வாசலில் சந்தனப் பொட்டோடு இருந்த படத்தைக் கண்டு, இது யார் கீறியது என்று விசாரித்து வந்திருந்தார்.

"அக்கா, எங்கடை கணித அறைச் சுவருக்கு ஒண்டு கீறித் தரவேணும். சமன்பாட்டையும் கீழை எழுதுங்கோ."

"ஏன் சமன்பாடு?"

"பெடியள் விடாங்கள். ஒரு புள்ளியை எடுத்துக் கணிச்சுப் பாப்பாங்கள். அதுக்குத்தானே கேக்கிறன்."

இராசமலர் மிச்சமிருந்த தாள்களை விரலால் எண்ணிப் பார்த்தாள். "தாறன்" என்றாள்.

தியாகலிங்கத்துக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் யாரோ சரிபார்க்கப் போகிறார்கள்.

நல்ல தாள் இரண்டே இரண்டு மிச்சம். சமன்பாடு அவள் தெரிவு செய்தது: ஒரு கோணத்தின் கோசைன் அளவு பக்கவாட்டில், அதே கோணத்தின் மும்மடங்கின் சைன் அளவு மேலே. வட்டத்தை நானூற்றெண்பது பங்காக்கினால் ஒவ்வொரு அடியும் முக்கால் பாகை. புள்ளிகளை வரிசைக்கு இணைக்காமல், ஒவ்வொன்றையும் அதற்கு நூற்றிருபது தள்ளியிருக்கிற புள்ளியோடு நேர்கோட்டால் இணைப்பது. நானூற்றெண்பதும் நேர்கோடுகள்தான். கண்ணுக்குத் தெரியப் போவது வளைவுகள்.

அவளுடைய மட்டையில் இருந்தது சைன் பக்கம் மட்டும். கோசைன் வேண்டுமென்றால் கோணத்தைத் தொண்ணூறிலிருந்து கழித்து, வந்ததற்குச் சைன் பார்க்க வேண்டும். தியாகலிங்கம் அவளுக்கு அந்தச் சில்லெடுப்பைக் குறைக்க நினைத்தார். ஜெபரட்ணம் மாஸ்ரரிடம் முழு அட்டவணைப் புத்தகத்தை இரவலாக வாங்கி, கோசைன் பக்கத்தைத் திறந்து, குசினி மேசையில் இருந்து நூற்றிருபது எண்ணையும் இரண்டு நாளில் தானே எடுத்து எழுதினார். காற்பங்குக்குக் கணித்தால் போதும், மிச்சம் அதே எண்கள்தான். மனைவிக்கு அதை நீட்டியபோது சங்கக்கடைக்கு முதல் நாள் போனபோது இருந்த பெருமை அவருக்கு இருந்தது.

புள்ளி குத்திக்கொண்டு போனவள், படத்தின் நடுப்பகுதிக்கு வந்தபோது நிறுத்தினாள். கவராயத்தை எடுத்து ஒரு இடைவெளியை அளந்தாள். அடுத்ததையும் அளந்தாள்.

"உந்த எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"தசம் பூச்சியம் ஒண்டு நாலு ஒன்பது."

அவள் யன்னலைப் பார்த்தாள். அவர் தாளைத் தூக்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து இன்னொரு தரம் வாசித்தார். அதே எண்தான்.

"சரி" என்று சொல்லிப் புள்ளியைக் குத்தினாள். கண் இன்னும் மோசமாகிவிட்டது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோடு போட ஆறு கிழமை சென்றது. முடிந்த அன்று மீனாம்பிகை வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நடுவிலை தண்ணியிலை வெயில் விழுந்த மாதிரிக் கிடக்கு" என்றாள். உண்மைதான். ஓரங்களில் கோடுகள் அமைதியாகப் போயின. நடுவுக்கு வர வர இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, பார்க்கிற பக்கத்துக்கு ஏற்ப மினுங்கின. முந்திய படம் ஒன்றிலும் இப்படி மினுக்கம் இருந்ததில்லை. இராசமலர் பேனாவைக் கழுவி மூடினாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. கொடுக்குமுன் தூசி தட்டியபோதுதான் தியாகலிங்கம் கோசைன் பக்கத்தின் வலது மூலையைப் பார்த்தார். பாகையை அறுபதாகப் பிரித்தால் வருகிற கலைகளில் கடைசிச் சிலவற்றுக்கு உரிய சிறு வித்தியாசங்களைத் தருகிற நிரல் அங்கே இருந்தது. அதன் தலைப்பில், எறும்பளவு எழுத்தில், "கழிக்க" என்று போட்டிருந்தது. சைன் பக்கத்தில் அந்த வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். கோணம் கூடச் சைன் கூடும். கோசைன் குறையும். அதனால் கழிக்க வேண்டும். அவர் மட்டையோடு இருந்த பழக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டியிருந்தார்.

இராசமலரின் மட்டையை எடுத்து ஒரு எண்ணைச் சரிபார்த்தார். தசம் பூச்சியம் ஒன்று மூன்று ஒன்று. அவர் கொடுத்ததோ ஒன்று நான்கு ஒன்பது. ஒன்று விட்டு ஒன்று, அறுபது எண் பிழை. இரண்டடித் தாளின் நடுவில் அரை மில்லிமீற்றர் வரும். தடித்த கோடு ஒன்றுக்காகப் படத்தை வெட்டுகிற மனுசியின் மேசையில் அவர் அறுபது பிழையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார், அதுவும் பெடியள் கணித்துப் பார்க்கப் போகிற படத்தில். ஒரு தாள் நாசம், ஆறு கிழமை நாசம். ஆனால் அவரை உலுப்பியது அதுவல்ல. இனி அவள் மட்டையைத் தானே தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கி, தானே வாசிப்பாள். அந்தக் கதிரை சுவரோடு போய்விடும்.

சொல்லாமலும் விடலாம். ஒரு பகல் முழுக்க அதையும் யோசித்தார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு தலை நிமிராமல் சொன்னார்:

"இஞ்சேர், நான் ஒரு பிழை விட்டிட்டன். கோசைனிலை கழிக்கிறதுக்குக் கூட்டிப்போட்டன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"புள்ளி குத்தேக்கை."

"தெரிஞ்சுகொண்டோ ஆறு கிழமை கீறினனீர்?"

"சோறு ஆறுது. சாப்பிடுங்கோ."

"ஏன் சொல்லேல்லை, இராசம்?"

அவள் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி பருப்பு விட்டாள்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு அவர் மேசைக்குப் போகவில்லை. குசினி வாசலில் நின்றார். அவள் கடைசித் தாளை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தாள். அவருடைய கதிரை இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன நிக்கிறியள்? வாங்கோ. இந்தமுறை கழிச்சுச் சொல்லுங்கோ."

அறுபது எண்ணையும் மட்டையில் ஒருமுறை, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த புத்தகத்தில் ஒருமுறை பார்த்துச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். கோபமோ கேலியோ குரலில் இல்லை. இன்னும் ஆறு கிழமை. இரண்டாவது படம் முடிந்தபோது அதில் குற்றம் சொல்ல இடமே இல்லை. கோடுகள் ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஒரே சீராகப் போய் வந்தன. அவள் கீறியதில் மிகச் சுத்தமான படம் அதுதான். அதைப் பார்த்துத் தியாகலிங்கம் நிம்மதியடைந்தார். முதல் படத்தைப் பார்ப்பதை அவர் தவிர்த்தார். பார்த்தால் கண் நடுவிலேயே நின்றுவிடும். அது தன்னுடைய பிழை என்பதாலா, வேறு ஏதும் காரணத்தாலா என்று அவருக்கு விளங்கவில்லை.

பொங்கல் கழிந்து ஜெபரட்ணம் மாஸ்ரர் வந்தார். இரண்டு படமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் குனிந்து ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே சமன்பாடோ அக்கா?"

இராசமலர் வாய் திறக்குமுன் தியாகலிங்கம் முந்திக்கொண்டார். "இல்லை மாஸ்ரர். உது என்ரை பிழை. கழிக்கவேண்டியதைக் கூட்டிப்போட்டன். இதுதான் சரி, இதைக் கொண்டுபோங்கோ." சரியான படத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"அட, கோசைன் நிரலோ? எங்கடை பெடியள் வருசா வருசம் விடுற பிழை அண்ணை" என்று மாஸ்ரர் சிரித்தார். "ஆனால் இப்பிடி ஒருத்தனும் கீறிக் காட்டேல்லை."

இராசமலர் எழும்பினாள். தியாகலிங்கம் தள்ளிய படத்தை மெதுவாகக் கணவன் பக்கமே திருப்பி நகர்த்தினாள். மற்றதன் கீழ் ஓரத்தில் சமன்பாட்டைத் தன் அச்சுப் போன்ற எழுத்தில் எழுதினாள். மை காயும்வரை நின்றாள். பிறகு அதைச் சுருட்டி, நூலால் இரண்டு இடத்தில் கட்டி, மாஸ்ரரிடம் நீட்டினாள்.

"அக்கா, சரியானது கிடக்கெல்லே?"

"கிடக்கு."

"பெடியள் கணிச்சுப் பாப்பாங்கள். சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள்."

மாஸ்ரர் தியாகலிங்கத்தைப் பார்த்தார். தியாகலிங்கம் நிலத்தைப் பார்த்தார். சைக்கிள் கம்பியில் சுருளைக் கட்டிக்கொண்டு மாஸ்ரர் போனார். படலை சாத்திய சத்தம் கேட்டதும் தியாகலிங்கம் ஏன் என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்துக் கொடிகாமத்து மாலில் இன்னொரு தரம் கேட்டார். முதல்முறை இராசமலர் அவருடைய கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துவிட்டாள்; இரண்டாம்முறை, "மற்றது சமன்பாட்டின்ரை, அது எங்கடை" என்றுவிட்டுக் கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தாள்.